புத்தருக்கு ஒரு யூதப் பெயர்

மார்க்கோ போலோவின் பயண நூலுக்கு ஹென்றி யூல் எழுதிய குறிப்புகள் பல இடங்களில் மூலத்தையே மூழ்கடித்துவிடும். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்த ஏ.சி. பர்னலோடு சேர்ந்து, பின்னாளில் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைத் தந்தவர்தான் இந்த யூல். பழையகாயல் பற்றிக் கால்டுவெல் திரட்டிய செய்திகளையும் மார்க்கோ போலோ குறிப்புகளில் சேர்த்திருக்கிறார். ஆனால் 1871இல் வெளிவந்த அந்தப் பதிப்பை அவர் உருவாக்கியது கல்கத்தாவிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில். இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், நோயாளியான மனைவிக்கு ஏற்ற தட்பவெப்பம் தேடி அங்கே போய்ப் பல ஆண்டுகள் தங்கிவிட்டார்.

மார்க்கோ போலோ இலங்கையைப் பற்றிப் பேசும்போது ஓர் அரசகுமாரனின் கதையைச் சொல்கிறார். முதுமையையும் மரணத்தையும் கண்டு அரண்மனையைத் துறந்த சாக்கியமுனியின் கதை. இவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்திருந்தால் பெரிய புனிதராகியிருப்பார் என்பது அந்த வெனிஸ்காரரின் அங்கலாய்ப்பு. யூலுக்கு இங்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். புத்தர் ஏற்கெனவே கிறிஸ்தவப் புனிதர்தான், அவர் பெயரில் ஒரு தேவாலயமே பலெர்மோவில் இருக்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். புனித யோசபாத் தேவாலயம் அது.

யோசபாத் என்ற இந்தியப் புனிதர் மத்தியகால ஐரோப்பாவில் வெகு பிரபலம். தன் மகன் துறவியாவான் என்று சோதிடர் சொல்லக் கேட்ட ஓர் இந்திய அரசர், துன்பம் எதுவும் கண்ணில் படாமல் அவனை அரண்மனைக்குள் வளர்க்கிறார். மகன் வெளியே வருகிறான், நோயாளியையும் முதியவரையும் பார்க்கிறான், பர்லாம் என்ற துறவியின் சீடனாகிறான். இந்தக் கதை இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாக அரபு மொழிக்குப் போயிற்று. அங்கிருந்து ஜார்ஜிய மொழிக்கும், கி.பி. 1000ஐ ஒட்டிக் கிரேக்கத்துக்கும், பிறகு லத்தீனுக்கும். அரபு எழுத்தில் ஒரு புள்ளி கூடிப்போனதில் 'போதிசத்துவர்' என்ற சொல்லின் முதலெழுத்து 'ப' போய் 'ய' ஆனது. ஊர் ஊராகத் தேய்ந்து கடைசியில் அது யோசபாத் என்று நின்றது. யோசபாத் என்பது பைபிளில் வரும் யூதா நாட்டு மன்னர் ஒருவரின் பெயர். கபிலவஸ்துவின் இளவரசருக்கு யாரும் திட்டமிடாமலேயே ஒரு யூத மன்னரின் பெயர் கிடைத்துவிட்டது.

யூதர்களும் இந்தக் கதையை விட்டுவைக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பார்சிலோனாவைச் சேர்ந்த ஆபிரகாம் இப்னு ஹஸ்தாய் அரபு வடிவத்தைத் தழுவி எபிரேயத்தில் 'அரசகுமாரனும் துறவியும்' என்ற நூலை எழுதினார். யூத வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அதை நீதிநூலாகப் படித்தார்கள். படித்தவர்களில் ஒருவருக்கும் அது யாருடைய வாழ்க்கை என்று தெரியாது. மதுத்துளி உவமை நமக்கு மகாபாரதத்தில் பழக்கம்: காட்டு விலங்குகளுக்குப் பயந்து ஓடிக் கிணற்றில் தொங்குபவன், மரணத்தை மறந்து வாயில் சொட்டும் தேனைச் சுவைக்கிறான். அந்த உவமையும் இந்தக் கதையில் ஏறித்தான் மேற்கே போயிற்று. 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் மூன்று பேழைகளும் இதே கதைத் தொகுதியின் வழிவந்தவை என்பார்கள். யூதரான ஷைலக்கைப் பழித்த நாடகத்துக்குள் ஒரு பௌத்தக் கதையின் எச்சம்! இந்த உறவுகளையெல்லாம் தேடித் தொகுத்து 1896இல் நூலாக்கிய ஜோசப் ஜேக்கப்ஸும் ஒரு யூதர்தான்.

இன்று பலெர்மோ என்றால் நம்மவர்களுக்கு நினைவு வருவது வேறு. ஈழத்திலிருந்து போன தமிழர்கள், கத்தோலிக்கர் சைவர் என்ற பேதம் பார்க்காமல், பெல்லெக்ரினோ மலையேறிப் புனித ரொசாலியாவை வணங்கும் ஊர் அது. பழைய யூதத் தெருக்களில் பெயர்ப்பலகைகள் இத்தாலி, எபிரேயம், அரபு என மூன்று மொழிகளில் இருக்கின்றன. பலகை இருக்கிறது, தெருவின் பழைய மக்கள்தான் இல்லை.

1487இல் எருசலேமுக்குப் போகும் வழியில் இங்கே தங்கிய பெர்த்தினோரோ ஊர் ஒபதியா, பலெர்மோவில் சுமார் 850 யூதக் குடும்பங்கள் இருந்ததாக எழுதினார். செம்புக் கொல்லர், இரும்புக் கொல்லர், சுமைகூலிகள் எனப் பெரும்பாலும் ஏழைகள். நெஞ்சில் பொற்காசு அளவுக்குச் சிவப்புத் துணி தைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அவர்களுடைய தொழுகைக் கூடத்தின் அழகை மட்டும் ஒபதியா வாயாரப் புகழ்ந்திருக்கிறார். ஐந்தே ஆண்டுகளில், 1492 ஜூனில், ஸ்பெயின் மன்னர் பெர்டினாந்தின் வெளியேற்ற ஆணை சிசிலியிலும் பறையறையப்பட்டது. சிசிலி அதிகாரிகளே தடுக்கப் பார்த்தார்கள். கொல்லர்கள் போய்விட்டால் குதிரைக்கு லாடம் அடிக்கவும் கப்பலுக்கு இரும்புவேலை செய்யவும் ஆள் இராது என்று முறையிட்டார்கள். கொஞ்சம் கெடு நீண்டது, அவ்வளவுதான். 1493 ஜனவரி 12 கடைசி நாள். அதே ஜனவரி 12ஆம் தேதியில், 2017இல், பலெர்மோ பேராயர் கொர்ராதோ லொரெஃபிச்சே, தொழுகைக்கூடமாக்கிக்கொள்ளும்படி ஒரு பழைய சிற்றாலயத்தை யூதர்களிடம் ஒப்படைத்தார்.

அந்த வெளியேற்றத்துக்கு இருநூறு ஆண்டு முன்பு பலெர்மோ யூதர்களிடையே தியானத்தைப் பற்றியே ஒரு சண்டை நடந்திருக்கிறது. 1280இல் போப்பாண்டவரையே நேரில் சந்தித்துப் பேசப் புறப்பட்ட ஆபிரகாம் அபுலாஃபியா, போப் திடீரென இறந்துபோனதால் தப்பிப் பிழைத்து சிசிலிக்கு வந்தார். எபிரேய எழுத்துகளை மாற்றி மாற்றிக் கோத்து, மூச்சைச் சீராக்கி, தலையசைவோடு உச்சரித்து மனத்தை ஒருமுகப்படுத்தும் முறையை அவர் கற்பித்தார். பலெர்மோவின் மருத்துவர் அகித்தூப் உட்படச் சிலர் அவரோடு தொடர்பில் இருந்தார்கள். பார்சிலோனாவின் பெரிய ரபி சாலமோன் இப்னு அத்ரெத், இந்த ஆள் ஆபத்தானவர் என்று பலெர்மோவுக்குக் கடிதமே எழுதினார். அபுலாஃபியாவின் பயிற்சி யோகத்தை ஒத்திருப்பதை மோஷே இடெல் போன்ற யூத அறிஞர்கள் கவனித்திருக்கிறார்கள். அதற்காக இந்திய யோகி யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று கற்பனைக் குதிரையைத் தட்டிவிட வேண்டியதில்லை. யூத மரபுக்குள்ளேயே தியானத்துக்கு ஓர் ஊற்று இருந்தது, பெரியவர்கள் அதைக் கண்டு அஞ்சினார்கள் என்பதே போதும்.

யூதப் பிறப்பும் பௌத்த நெறியும் ஒரே மனிதரிடம் சேரும் கதையை வழக்கமாக அமெரிக்காவிலிருந்துதான் தொடங்குவார்கள். 1893இல் சிகாகோவில் இலங்கைப் பௌத்தரான அநகாரிக தர்மபாலரிடம் பஞ்சசீலம் ஏற்ற நியூயார்க் வணிகர் சார்லஸ் ஸ்ட்ராஸ் முதல் ஆள். பிறகு 1971 ஜனவரியில் புத்தகயாவில் கோயங்கா நடத்திய தியான முகாமில் உட்கார்ந்த ஷாரன் சால்ஸ்பர்க் போன்ற இளைஞர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஞானம் தேடி வந்த கதை என்று இதைச் சுருக்கிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் அஸ்திவாரம் இலங்கையில் போடப்பட்டது. போட்டவர்களை அவர்கள் பிறந்த நாடு துரத்திக்கொண்டிருந்தது.

சீக்முண்ட் ஃபேனிகர் 1901இல் ஜெர்மனியின் ஹனாவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தின் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். சிறுவயதில் எபிரேயம் கற்றார், சமய ஈடுபாடும் இருந்தது. வாலிபத்தில் மனத்தில் எழுந்த சந்தேகங்களுக்குப் புத்தகங்களில் விடை தேடி, குரு யாரும் இல்லாமல் தானாகவே பௌத்தரானார். ஆகவே ஹிட்லர் அவரைப் பௌத்தராக்கவில்லை. இலங்கைக்கு வரும் நாளை மட்டுமே முடிவு செய்தார். 1933க்குப் பிறகு ஜெர்மன் யூதர்களின் உதவி அமைப்பில் ஃபேனிகர் வேலை பார்த்தார். விதவைத் தாயைத் தனியே விட்டுப்போக மனமில்லை. தாயை வியன்னாவில் உறவினர்களிடம் பாதுகாப்பாகச் சேர்த்த பிறகே 1936இல் கப்பலேறினார்.

காலிக்கு அருகே தொடந்துவவில், ஏரி நடுவே ஒரு தீவில், ஜெர்மானியரான ஞானதிலோகத் தேரர் 1911இல் அமைத்த ஆசிரமம் இருந்தது. அங்கே துறவேற்று ஃபேனிகர் ஞானபோனிகரானார். ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதும் வியன்னாவிலும் தாய்க்குப் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று. 1939இல் மகன் ஏற்பாட்டில் அவரும் இலங்கை வந்தார். கொழும்புச் செல்வந்தர் ஏர்னெஸ்ட் டி சில்வா அடைக்கலம் தந்தார். தாயும் பௌத்த நெறியை ஏற்றார். பிக்ஷைப் பாத்திரம் ஏந்தும் மகன் இருக்கும் நாட்டிலேயே, நாடிழந்த தாய் வேறொரு வீட்டில் வாழ்ந்து 1956இல் காலமானார்.

தாய் வந்த 1939ஆம் ஆண்டே போர் மூண்டது. பிரிட்டிஷ் அரசுக்கு ஞானபோனிகர் ஜெர்மானியர், எனவே எதிரி. யூதர் என்பதோ பிக்கு என்பதோ எடுபடவில்லை. தியத்தலாவ முகாம், பிறகு 1941 முதல் டேராடூன் முகாம். நாஜி ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் கம்பிவேலிக்குள்ளேயே பிரிந்து கிடந்த இடம் அது. திபெத்துக்குத் தப்பியோடிய ஹைன்ரிக் ஹாரர் அங்கிருந்து போனவர்தான். ஹாரரின் தப்பலைப் பற்றிப் படமே வந்துவிட்டது. 'சுத்த நிபாத'த்தை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு உள்ளேயே இருந்தவரைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. விடுதலை 1946இல் கிடைத்தது. 1951இல் இலங்கைக் குடியுரிமையும் பெற்றார்.

1954இல் கொழும்பில் வெளியான 'பௌத்த தியானத்தின் இதயம்' என்ற அவருடைய ஆங்கில நூல், சதிபட்டானம் என்னும் விழிப்புணர்வுப் பயிற்சியை உலகுக்கு எளிமையாகச் சொன்னது. இன்று மருத்துவமனைகளிலும் ஐ.டி. அலுவலகங்களிலும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று நடக்கும் வகுப்புகளின் வேர்களில் ஒன்று இது. உளவியலாளர் எரிக் ஃப்ரோம், அவரும் ஜெர்மன் யூத அகதி, ஞானபோனிகரை உயர்வாக மதித்தார். 1958 புத்தாண்டு நாளில் கண்டியில் நண்பர்கள் இருவரோடு பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கினார் ஞானபோனிகர். உடவத்தகெலே காட்டுக்குள் ஒரு சிறு வீட்டிலிருந்து, பல பத்தாண்டுகள் பௌத்தக் கருத்துகளைச் சிறு வெளியீடுகளாக உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். 1994இல் மறைந்தார்.

அதே தொடந்துவப் பக்கத்து ஏரியில், 1984இல் பெண் துறவியருக்காக பரப்புதுவ என்னும் தீவில் ஓர் ஆசிரமம் எழுந்தது. தொடங்கியவர் அய்யா கேமா. பெர்லினில் 1923இல் பிறந்த இல்ஸே. 1938இல் யூதக் குழந்தைகளை ஏற்றிச்சென்ற பயணத்தில் ஸ்காட்லாந்து போனவர். பிறகு ஷாங்காயில் பெற்றோருடன் சேர்ந்தார். அங்கே ஜப்பானியர் முகாமில் தந்தையைப் பறிகொடுத்தார். திருமணம், பிள்ளைகள், ஆஸ்திரேலியா என்று ஒரு முழு வாழ்க்கை முடிந்தபின், 1979இல் இலங்கையில் துறவாடை. பின்பு உள்நாட்டு வன்முறை மிகுந்தபோது அவர் போய்ச் சேர்ந்தது, தன்னைத் துரத்திய ஜெர்மனிக்கே. 1989இல் அங்கே 'புத்தர் இல்லம்' தொடங்கி, 1997இல் இறக்கும்வரை கற்பித்தார்.

இவர்கள் யூதர்களா பௌத்தர்களா? யூதச் சட்டப்படி யூதத் தாய்க்குப் பிறந்தவர் எந்த நெறியில் போனாலும் யூதரே. சிலை முன் வணங்காதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. ஆகவே உட்கார்ந்து தியானிப்பதில் தயக்கம் இல்லாதவருக்கும் புத்தர் சிலை முன் விழுந்து வணங்குவது உறுத்தலாம். பலர் சிலையை விட்டுத் தியானத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஞானபோனிகர் அப்படி அல்லர். மொட்டையடித்துக் காவி உடுத்த முழு பிக்கு. 1990இல் யூதப் பிரதிநிதிகள் தரம்சாலாவுக்குச் சென்றபோது தலாய் லாமா அவர்களிடம் கேட்டது வேறு கேள்வி: நாடில்லாமல் இவ்வளவு காலம் எப்படி மரபைக் காத்தீர்கள்? அகதியானவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

கண்டியில் ஞானபோனிகரின் கடைசிக் காலத்தில் அவரோடிருந்து, சங்கத்தின் பொறுப்பை ஏற்றவர் பிக்கு போதி; புரூக்ளினில் 1944இல் யூதக் குடும்பத்தில் பிறந்த ஜெஃப்ரி பிளாக். ஆங்கிலேயத் துறவி ஞானமோலி விட்டுச்சென்ற கையெழுத்துப்படியைச் செப்பனிட்டு, புத்தரின் உரைத்தொகுதியான மஜ்ஜிம நிகாயத்தை 1995இல் ஆங்கிலத்தில் வெளிக்கொணர்ந்தார். அதே நிகாயத்தை நூறாண்டு முன்பு, 1896 முதல் 1902 வரை, ஜெர்மனில் தந்தவர் வியன்னாவின் கார்ல் ஆய்கன் நாய்மன். வாக்னரின் இசைநாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோன யூத வம்சத்து நாடக நிர்வாகி ஆஞ்சலோ நாய்மனின் மகன் அவர். ஜூசெப்பே தெ லொரென்ஸோ அவரோடு சேர்ந்து அதை இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்து 1907 முதல் பதிப்பித்தார். யோசபாத் என்று மாறுபெயரில் இத்தாலிக்குள் நுழைந்தவர் அப்போது சொந்தப் பெயரிலேயே பேசத் தொடங்கிவிட்டார்.