பெட்ரா கெல்லி

பெட்ரா கரின் கெல்லி (நவம்பர் 29, 1947 – அக்டோபர் 1992) ஜெர்மனியைச் சேர்ந்த அரசியல்வாதியும் சுற்றுச்சூழல், அமைதி இயக்கங்களின் செயற்பாட்டாளரும் ஆவார். 1980இல் மேற்கு ஜெர்மனியில் உருவான பசுமைக் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவர். 1983 முதல் 1990 வரை மேற்கு ஜெர்மனியின் நாடாளுமன்றமான புண்டஸ்டாக்கின் உறுப்பினராக இருந்தார். சூழலியல், அணு ஆயுதக் களைவு, பெண் விடுதலை, மனித உரிமை ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாதவையாகக் கருதியது இவரது அரசியலின் தனித்தன்மையாகும்.

இளமைக் காலம்

பெட்ரா, பவேரியா மாநிலத்தின் கியுன்ஸ்பர்க் நகரில் பிறந்தார். இயற்பெயர் பெட்ரா கரின் லேமன். தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றபின் தாயாலும் பாட்டியாலும் வளர்க்கப்பட்டார். கத்தோலிக்கக் கன்னியர் மடத்துப் பள்ளியில் பயின்றார். தாய், அமெரிக்கப் படை அதிகாரியான ஜான் கெல்லியை மறுமணம் செய்துகொண்டார். அவரது குடும்பப் பெயரையே பெட்ராவும் ஏற்றார். பின்னர் இக்குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது.

வாசிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பயின்று 1970இல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் குடியுரிமைப் போராட்டமும் வியட்நாம் போருக்கு எதிரான இயக்கமும் உச்சத்தில் இருந்த காலம் அது. 1968ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் ராபர்ட் கென்னடிக்காகவும், அவர் கொல்லப்பட்டபின் ஹூபர்ட் ஹம்ஃப்ரிக்காகவும் பரப்புரையில் ஈடுபட்டார். மார்ட்டின் லூதர் கிங்கின் வழியாகவும் காந்தியின் வழியாகவும் அறிந்த வன்முறையற்ற போராட்ட நெறியை வாழ்நாள் முழுவதும் கைக்கொண்டார்.

1970இல் இவரது தங்கை கிரேஸ் கண்ணில் ஏற்பட்ட புற்றுநோயால் பத்து வயதில் இறந்தார். இவ்விழப்பு கெல்லியின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. கதிர்வீச்சு மனித உடலில், குறிப்பாகக் குழந்தைகளின் உடலில், ஏற்படுத்தும் விளைவுகளை ஆராயத் தொடங்கினார். புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு உதவத் தங்கையின் பெயரில் அமைப்பு ஒன்றையும் நிறுவினார். அணு மின்சாரத்தை இவர் எதிர்த்ததில் இந்த அனுபவத்திற்குப் பெரும் பங்குண்டு.

பிரசெல்ஸில் பணியும் அரசியல் நுழைவும்

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய ஒருங்கிணைப்புக் குறித்து மேற்படிப்பை முடித்தபின், 1971 முதல் பிரசெல்ஸில் ஐரோப்பியச் சமூகத்தின் அமைப்புகளில் பணியாற்றினார். பகலில் அதிகாரியாகவும் விடுமுறை நாள்களில் அணு உலை எதிர்ப்புக் கூட்டங்களில் பேச்சாளராகவும் இயங்கினார்.

1970களில் மேற்கு ஜெர்மனியில் குடிமக்கள் குழுக்கள் பல தோன்றின. 1975இல் தென்மேற்கே வூல் என்னும் ஊரில் அணுமின் நிலையம் அமையவிருந்த இடத்தை உழவர்களும் திராட்சை பயிரிடுவோரும் மாணவர்களும் கைப்பற்றி அமர்ந்தனர். அந்நிலையம் கடைசிவரை கட்டப்படவே இல்லை. இத்தகைய போராட்டங்கள் நாடாளுமன்றத்தில் குரலற்று இருந்தமை, புதிய கட்சி ஒன்றின் தேவையை உணர்த்தியது.

வில்லி பிராண்ட்டின் மீது கொண்ட மதிப்பால் சமூக சனநாயகக் கட்சியில் சேர்ந்திருந்த கெல்லி, அவருக்குப்பின் ஆட்சிக்கு வந்த ஹெல்முட் ஷ்மிட்டின் அணுசக்தி, பாதுகாப்புக் கொள்கைகளை ஏற்காமல் 1979இல் விலகினார். அதே ஆண்டு நடந்த முதல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பசுமையாளர் பட்டியலின் முதன்மை வேட்பாளராக நின்றார். அப்பட்டியல் 3.2 சதவீத வாக்குகளைப் பெற்றது. குறைந்தது 5 சதவீதம் தேவைப்பட்டதால் இடம் எதுவும் கிடைக்கவில்லை.

பசுமைக் கட்சி

1980 சனவரியில் கார்ல்ஸ்ரூ நகரில் பசுமைக் கட்சி முறையாகத் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று பேச்சாளர்களுள் கெல்லியும் ஒருவர். இக்கட்சியை அவர் "கட்சி எதிர்ப்புக் கட்சி" என வருணித்தார். அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்வது இதன் நோக்கமன்று, தெருவில் நடக்கும் போராட்டங்களை நாடாளுமன்றத்திற்குள் கொண்டுசெல்வதே நோக்கம் என்பது இதன் பொருள்.

1979 திசம்பரில் மேற்கு ஐரோப்பாவில் புதிய நடுத்தரத் தொலைவு அணு ஏவுகணைகளை நிறுத்த நேட்டோ முடிவு செய்தது. இதற்கு எதிராக 1980 நவம்பரில் வெளியிடப்பட்ட கிரேஃபெல்ட் வேண்டுகோளில் கெல்லியும், இம்முடிவை எதிர்த்துப் படையிலிருந்து விலகிய தளபதி கெர்ட் பாஸ்டியனும் முக்கியப் பங்காற்றினர். பல இலட்சம் மக்கள் இதில் கையொப்பமிட்டனர். 1982இல் கெல்லிக்கு "மாற்று நோபல் பரிசு" என அழைக்கப்படும் நல்வாழ்வு விருது வழங்கப்பட்டது.

நாடாளுமன்றத்தில்

1983 மார்ச்சு 6 அன்று நடந்த தேர்தலில் பசுமைக் கட்சி 5.6 சதவீத வாக்குகளுடன் முதன்முறையாகப் புண்டஸ்டாக்கில் நுழைந்தது. அதன் உறுப்பினர்கள் பூந்தொட்டிகளையும், அமில மழையால் பட்டுப்போன மரத்தையும் ஏந்தி அவைக்குச் சென்றனர். மரியலூயிஸ் பெக், ஓட்டோ ஷிலி ஆகியோருடன் கெல்லி நாடாளுமன்றக் குழுவின் பேச்சாளரானார். 1983 நவம்பரில் அவை ஏவுகணைகளை நிறுத்த ஒப்புதல் அளித்ததால் பசுமைக் கட்சியின் எதிர்ப்பு அப்போது தோல்வியுற்றது. 1987இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படியே அவ்வகை ஏவுகணைகள் பின்னர் அகற்றப்பட்டன.

கெல்லியின் எதிர்ப்பு மேற்கு நாடுகளோடு நிற்கவில்லை. 1983 மே மாதம் கிழக்கு பெர்லினின் அலெக்சாண்டர் சதுக்கத்தில், வாள்களை உழுபடைகளாக மாற்றக் கோரும் பதாகையுடன் நின்றமைக்காக அவரும் சக உறுப்பினர்களும் தடுத்து வைக்கப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் எரிக் ஹொனேக்கரை நேரில் சந்தித்தபோது, அதே முழக்கம் பொறித்த சட்டையை அணிந்திருந்தார். கிழக்கில் சிறைப்பட்டிருந்த அமைதி ஆர்வலர்களுக்காகவும் குரல் கொடுத்தார். பிற்காலத்தில் திபெத்திய மக்களின் உரிமைகளை நாடாளுமன்றத்தில் தொடர்ந்து எழுப்பினார்.

கருத்துகள்

அணு மின்சாரத்தையும் அணு ஆயுதத்தையும் ஒரே தொழில்நுட்பத்தின் இரு முகங்களாகக் கெல்லி கண்டார். யுரேனியம் தோண்டுவதிலிருந்து கழிவைப் புதைப்பது வரை ஒவ்வொரு கட்டத்திலும் அதன் சுமையைத் தாங்குவோர், முடிவெடுப்பதில் பங்கற்ற பழங்குடியினரும் வருங்காலத் தலைமுறையினரும் என வாதிட்டார்.

இயற்கையை அடக்குதல், பெண்களை அடக்குதல், நாடுகளைப் படைபலத்தால் அடக்குதல் ஆகிய மூன்றும் ஒரே மனப்பாங்கிலிருந்து பிறப்பவை என்பது அவரது கருத்து. மனித உரிமை மீறலை எந்த அணி செய்தாலும் ஒரே அளவுகோலால் அளக்கவேண்டும் என்றும் வலியுறுத்தினார். இக்கருத்துகளை 1983இல் வெளியான, நம்பிக்கைக்காகப் போராடுதல் எனப் பொருள்படும் தலைப்புடைய நூலில் விளக்கியுள்ளார்.

கட்சியுடன் முரண்பாடு

தலைவர்கள் உருவாவதைத் தடுக்க, உறுப்பினர்கள் இரண்டு ஆண்டுகளில் பதவி விலகி அடுத்தவருக்கு வழிவிடவேண்டும் என்னும் சுழற்சி முறையைப் பசுமைக் கட்சி கொண்டிருந்தது. பெற்ற அனுபவமும் தொடர்புகளும் வீணாகும் எனக் கூறி 1985இல் கெல்லி விலக மறுத்தார். புகழ் நாட்டம் கொண்டவர் எனச் சக உறுப்பினர்கள் குறை கூறினர். ஆதரவாளர்களோ, அவரது முகத்தாலேயே கட்சி உலகறிந்தது எனக் கூறினர்.

கூட்டணி ஆட்சியை ஏற்கும் நடைமுறைவாதிகளுக்கும் அதனை மறுக்கும் அடிப்படைவாதிகளுக்கும் இடையே கட்சி பிளவுபட்டது. கெல்லி கொள்கையில் சமரசத்தை ஏற்காதவராயினும் எந்தக் குழுவிலும் முழுமையாக இணையவில்லை. இதனால் கட்சிக்குள் தனித்து விடப்பட்டார். 1990 திசம்பர் தேர்தலில் மேற்குப் பகுதியின் பசுமைக் கட்சி 4.8 சதவீத வாக்குகளையே பெற்று எல்லா இடங்களையும் இழந்தபோது கெல்லியின் நாடாளுமன்றப் பணியும் முடிவுற்றது.

மரணம்

1992 அக்டோபர் 19 அன்று பான் நகரில் உள்ள வீட்டில் கெல்லியும் அவரது வாழ்க்கைத் துணைவரான பாஸ்டியனும் இறந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டனர். உறங்கிக்கொண்டிருந்த கெல்லியைப் பாஸ்டியன் துப்பாக்கியால் சுட்டுக் கொன்று, பின் தன்னையும் சுட்டுக்கொண்டார் எனக் காவல்துறை முடிவு செய்தது. இது அக்டோபர் முதல் நாளை ஒட்டி நடந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. கெல்லிக்கு அப்போது வயது 44. விளக்கக் கடிதம் எதுவும் கிடைக்காததால் காரணம் தெளிவாகவில்லை. தொடக்கத்தில் இது இணைந்த தற்கொலை எனப் பேசப்பட்டது. அவர் இதற்கு உடன்பட்டார் என்பதற்குச் சான்று இல்லாத நிலையில், அவ்வாறு கூறுவது ஒரு கொலையை மறைப்பதாகும் எனப் பலர் கண்டித்தனர். எவருடைய தொலைபேசி அழைப்புக்கும் விடை கிடைக்காத நிலையிலும் அவர்கள் இறந்தது வாரக்கணக்கில் அறியப்படாமல் இருந்தது, அவர் எய்தியிருந்த தனிமையைக் காட்டுவதாகக் கருதப்பட்டது.

தாக்கம்

கெல்லி இறந்து ஆறு ஆண்டுகளில், 1998இல், பசுமைக் கட்சி கூட்டாட்சி அரசில் முதன்முறையாக அமைச்சர் பதவிகளை ஏற்றது. அவர் ஐயுற்ற கூட்டணி அரசியலின் வழியாகவே, அவர் கோரிய அணு மின்சார விலகல் சட்டமாயிற்று. ஜெர்மனியின் கடைசி மூன்று அணு உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று மூடப்பட்டன. அதே கட்சி 1999இல் கொசோவோ போரில் ஜெர்மானியப் படை பங்கேற்பதை ஆதரித்தது. கெல்லியின் வன்முறையற்ற நெறியிலிருந்து கட்சி விலகியதற்கு இது எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுகிறது.

அவரது பெயரில் பவேரியாவில் பெட்ரா கெல்லி அறக்கட்டளை இயங்குகிறது. ஹைன்ரிக் பியோல் அறக்கட்டளை அவரது பெயரில் விருது ஒன்றை நிறுவியது.