மோபி டிக்

அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் (1819–1891) எழுதிய நாவல். 1851 அக்டோபரில் லண்டனிலும் நவம்பரில் நியூயார்க்கிலும் வெளிவந்தது. தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்க, நான்டக்கெட்டிலிருந்து கிளம்பிய 'பீக்வாட்' கப்பலையே பணயம் வைக்கிறான் கேப்டன் ஏஹாப். வாயில்லா விலங்கிடம் வஞ்சம் தீர்ப்பது பித்து என்று நேருக்கு நேர் சொல்லும் துணை அதிகாரி ஸ்டார்பக்கும் கடைசியில் பணிந்துபோகிறான். நாவலின் ஆகச் சிறந்த பக்கங்கள் இவ்விருவரும் மோதுபவையே. கதைசொல்லி இஸ்மவேல் மட்டும் உயிர் தப்புகிறான்.

1820இல் பசிபிக் கடலில் திமிங்கிலம் மோதி 'எஸ்ஸெக்ஸ்' கப்பல் மூழ்கியதும், 1841இல் மெல்வில் தானே வேட்டைக் கப்பலேறியதும் இதற்கு அடிப்படை. கொழுப்பை உரித்து உருக்கும் அத்தியாயங்களைத் தாண்டிச் செல்வோர் நூலின் பாதி உயிரை இழக்கிறார்கள். லண்டன் பதிப்பில் முடிவுரை விடுபட்டதால், எல்லோரும் மாண்டபின் கதை சொல்வது யார் என்று விமர்சகர்கள் கேட்டனர். நாவலுக்குரிய மதிப்பு 1920களில்தான் கிடைத்தது.