ஹூட் ரிவர் நினைவுச் சுவரும் நிலப் பதிவேடும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் ஹூட் ரிவர். இரண்டாம் உலகப்போரின்போது அந்தக் கவுண்டியிலிருந்து படைக்குச் சென்ற ஏறத்தாழ 1,600 பேரின் பெயர்கள் அங்குள்ள நீதிமன்றக் கட்டிடத்தின் சுவரில் இடம்பெற்றிருந்தன. அந்தக் கௌரவப் பட்டியல் முன்னாள் படைவீரர் அமைப்பான அமெரிக்கன் லீஜியனின் 22ஆம் எண் கிளையின் பொறுப்பில் இருந்தது. 1944 நவம்பர் 29 அன்று அக்கிளை பட்டியலிலிருந்து 16 பெயர்களை அழித்தது. அனைத்தும் நிசெய்களின் பெயர்கள். அதாவது ஜப்பானியக் குடியேறிகளுக்கு அமெரிக்காவிலேயே பிறந்து, பிறப்பால் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களின் பெயர்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தபின் 1945 ஏப்ரலில் அவற்றுள் பெரும்பாலானவை மீண்டும் எழுதப்பட்டன.

இந்நிகழ்வை ஆராய்ந்தவர்களில் பலர் இதைப் போர்வெறியின் விளைவாகவே விளக்கிவந்துள்ளனர். பசிபிக் போர்முனையில் பிள்ளைகளை இழந்துகொண்டிருந்த ஓர் ஊர் ஆத்திரத்தில் அறிவிழந்தது, பிறகு நாட்டின் மனச்சாட்சி அதைத் திருத்தியது என்பது அவ்விளக்கத்தின் சாரம். அதற்கு மையமாக நிற்பவர் ஃபிராங்க் ஹச்சியா. ஹூட் ரிவர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த இவர் இராணுவ உளவுப் பிரிவில் ஜப்பானிய மொழி வல்லுநராகப் பணியாற்றி, பிலிப்பைன்ஸின் லெய்த்தே தீவில் உயிர்நீத்தார். போர்க்காலத்தில் மேற்குக் கரையிலிருந்து விலக்கப்பட்ட ஜப்பானியரில் ஒருவரான தந்தை அமெரிக்க அரசின் தடுப்பு முகாமில் இருக்க, மகன் அதே அரசின் படையில் மாண்டதும், அவர் பெயரைச் சொந்த ஊர் அழித்திருந்ததும் பத்திரிகைகளை உலுக்கின. 1945 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றித் தலையங்கமே எழுதியது.

காலவரிசையை ஊன்றிப் பார்த்தால் இந்த விளக்கம் தள்ளாடுகிறது. ஹச்சியா குண்டடிபட்டது 1944 டிசம்பர் 30 அன்று. இறந்தது 1945 ஜனவரி 3 அன்று. பெயர் அழிக்கப்பட்ட நாளில் அவர் உயிரோடு இருந்தார். இறந்த வீரனை ஊர் அவமதித்தது என்ற சித்திரம் பின்னர் உருவானது. கண்டனத்துக்கு வலுச் சேர்த்ததும் அதுவே. ஆனால் நவம்பர் 29 அன்று 22ஆம் கிளையின் உறுப்பினர்கள் கண்முன் இருந்தது தியாகியின் பெயர் அல்ல. போர் முடிந்ததும் ஊர் திரும்பக்கூடிய ஓர் இளைஞனின் பெயர்.

சுவரின் தன்மையும் இதையே காட்டுகிறது. போர்க்கால அமெரிக்க ஊர்களில் எழுந்த கௌரவப் பட்டியல்கள் மாண்டவர்களுக்கான நடுகற்கள் அல்ல. இறந்தோர் பெயரருகே பொன் நட்சத்திரம் இடும் வழக்கம் இருந்தாலும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை பணியில் இருந்தோரின் பெயர்களே. இவர்கள் எம்மவர், திரும்பி வருவார்கள் என்று ஊரார் அறிய ஊர் கூறும் உறுதிமொழியாகவே அத்தகைய பட்டியலைப் படிக்க வேண்டும். இன்னொன்றும் கவனத்திற்குரியது: நிசெய்களின் பெயர்கள் அந்தச் சுவரில் ஏறியதே போர்க்காலத்தில்தான். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிந்தைய ஆத்திரம்தான் காரணம் என்றால், அவை முதலில் எழுதப்பட்டதையே விளக்க முடியாது. எழுதப்பட்ட பெயர் ஏன் குறிப்பாக 1944 இறுதியில் உறுத்தத் தொடங்கியது என்பதே கேள்வி.

கிளை தன் செயலுக்கு இரட்டைக் குடியுரிமையைக் காரணம் காட்டியது. இந்த வாதத்தை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடக் கூடாது. ஜப்பானியச் சட்டம் 1924 டிசம்பருக்கு முன் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளையும் தந்தைவழியில் தன் குடிமக்களாகவே கருதியது. அதன்பின் பிறந்தவர்களுக்குப் பதிவு செய்தால் மட்டுமே அந்த உரிமை. ஹச்சியா பிறந்தது 1920இல். ஆகவே ஏட்டளவில் சிலருக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் வம்சவழிக் குடியுரிமை ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. 1912ஆம் ஆண்டு இத்தாலியச் சட்டமும் 1913ஆம் ஆண்டு ஜெர்மானியச் சட்டமும் அதே அடிப்படையில் அமைந்தவை. சட்டநிலைதான் அளவுகோல் என்றால் ஒவ்வொருவரின் பிறந்த ஆண்டும் பதிவும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். இங்கே அளவுகோலாக அமைந்தது குடும்பப் பெயர் மட்டுமே.

இனி, இந்த விவாதத்தில் உரிய இடம் பெறாத சான்று: உள்ளூர்ச் செய்தித்தாளில் 1945இன் தொடக்க மாதங்களில் வெளியான முழுப்பக்க விளம்பரங்கள். ஜப்பானியர் ஹூட் ரிவருக்குத் தேவையில்லை, திரும்பி வர வேண்டாம், நிலத்தை விற்றுவிடுங்கள் என்பதே அவற்றின் சாரம். அவற்றின் கீழே ஊர்மக்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கில், பத்தி பத்தியாக அச்சாகியிருந்தன. ஆய்வாளர்கள் பொதுவாக இவற்றைச் சுவர் நிகழ்வின் பின்விளைவாக, ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். சுவரையும் விளம்பரத்தையும் சேர்த்துப் படித்தால்தான் இரண்டும் விளங்குகின்றன. இரண்டுமே பெயர்ப் பட்டியல்கள். யார் இந்த ஊரைச் சேர்ந்தவர் என்பதை அறிவிப்பவை. முதல் பட்டியலிலிருந்து 16 பெயர்களை நீக்கியவர்கள், சில வாரங்களிலேயே இரண்டாம் பட்டியலுக்கு ஆள் சேர்த்தனர். சுவரில் மறைமுகமாகச் சொன்னதை விளம்பரம் வெளிப்படையாகச் சொன்னது.

அந்தச் செய்தியின் மையத்தில் இருந்தது பழத்தோட்டம். காட்டைத் திருத்தி ஆப்பிளும் பேரியும் வளர்த்த முதல் தலைமுறை ஜப்பானியர்களுக்கு எதிராக அவ்வூரில் 1919இலேயே ஆசியர் எதிர்ப்புச் சங்கம் தோன்றியது. 1923ஆம் ஆண்டு ஓரிகன் சட்டம் அவர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்தது. குடியுரிமை பெற்ற பிள்ளைகளின் பெயரில் நிலம் வைத்துக்கொள்வதே எஞ்சிய வழி. இதனால் நிசெய் பெயர்கள் கவுண்டி நிர்வாகத்தில் இரண்டு இடங்களில் காணப்பட்டன: வெளியே சுவரில், உள்ளே நிலப் பதிவேட்டில். பதிவேட்டுப் பெயரை அழிக்கச் சட்டம் இடம் தராது. சுவரில் இருந்ததை அழிக்க ஒரு கிளைக் கூட்டத்தின் முடிவு போதும். அந்த 16 பேரும் நிலவுரிமையாளர்கள் என்று கூற இயலாது. அப்படிக் கூறத் தேவையும் இல்லை. படைச்சேவை அவர்களின் முழுக் குடும்பங்களுக்கும் திரும்பி வரும் தார்மிக உரிமையைத் தந்தது. அந்த உரிமையின் பொதுச் சான்றாகச் சுவர் நின்றது.

இதற்கு எதிராக ஒரு மறுப்பு எழுப்பப்படலாம். மேற்குக் கரையிலிருந்து ஜப்பானியரை விலக்கிய ஆணை நீக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது 1944 டிசம்பர் 17 அன்று. நடைமுறைக்கு வந்தது ஜனவரி 2 அன்று. பெயர்கள் அழிந்ததோ அதற்கு முன். எனினும் தடை நீங்கப்போகிறது என்ற பேச்சு அந்த இலையுதிர்காலத்திலேயே மேற்குக் கரையில் பரவியிருந்தது. அறிவிப்பு வரும்வரை காத்திருக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. ஒரு சில தலைவர்களின் முரட்டுத்தனமே காரணம் என்ற வாதம் நூற்றுக்கணக்கான கையொப்பங்களுக்கு முன் நிற்காது. மாநில அரசியலும் அதே திசையில்தான் சென்றது. 1945இல் ஓரிகன் சட்டமன்றம், போர் முடியும்வரை ஜப்பானியர் திரும்புவதைத் தடுக்குமாறு குடியரசுத் தலைவரைக் கேட்டுத் தீர்மானம் இயற்றியதுடன், நிலச் சட்டத்தையும் இறுக்கியது. அச்சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 1949இல்தான் செல்லாதென்றது.

மீட்பையும் இந்த ஒளியில் மதிப்பிட வேண்டும். பெயர்களைத் திரும்ப எழுதவைத்தது லீஜியனின் தேசியத் தலைமையும் போர்முனையிலிருந்து வந்த சிப்பாய்களின் கடிதங்களும் பத்திரிகைகளும். ஊருக்குள்ளேயே எதிர்த்தவர்கள் இருந்தனர்; மெதடிஸ்ட் போதகர் ஷெர்மன் பர்கோய்ன் அவர்களில் முதன்மையானவர். 1947இல் தேசிய விருது பெற்ற அவர் சிறியதொரு சபைக்கு மாற்றப்பட்டார். அவருடைய துணிவை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் அதை ஊரின் மனமாற்றத்துக்குச் சான்றாகக் காட்டுவது பிழை. சுவரில் பெயர்கள் மீண்ட பின்னும் கடைகள் சிலவற்றில் ஜப்பானியருக்குப் பொருள் விற்க மறுத்தனர். முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 400க்கும் மேற்பட்டோரில் பாதிக்கும் குறைவானவர்களே பள்ளத்தாக்கில் மீண்டும் குடியேறினர். திரும்புதலைத் தடுப்பதே நோக்கம் என்று கொண்டால், பெயர்கள் மீட்கப்பட்ட பின்னும் அந்த நோக்கம் கணிசமாக நிறைவேறியது என்றே கொள்ள வேண்டும்.

ஹச்சியாவின் உடல் 1948இல் கொண்டுவரப்பட்டு ஹூட் ரிவரில் அடக்கம் செய்யப்பட்டது. 2022இல், ஊரிலிருந்து ஹூட் மலை நோக்கிச் செல்லும் 35ஆம் எண் நெடுஞ்சாலைக்கு ஓரிகன் நிசெய் வீரர்களின் நினைவாகப் பெயரிடப்பட்டது. வீரத்துக்குரிய மரியாதை இதனால் காலந்தாழ்ந்தேனும் கிடைத்தது. விளம்பரங்களில் விற்கும்படி வற்புறுத்தப்பட்ட நிலங்களைப் பற்றி அந்தச் சாலைப் பலகைகள் ஏதும் கூறுவதில்லை. அந்தக் கணக்கு நிலப் பதிவேடுகளில் இருக்கிறது. ஹூட் ரிவரைப் பற்றிய அடுத்த ஆய்வு அங்கிருந்து தொடங்க வேண்டும்.