பாவைச் செந்தமிழ்: சூத்திரமும் விளக்கவுரையும்

முப்பது கோத்து முடிவிற் பெயர்பொறி
புதுவைக் கோதை பாவைச் செந்தமிழ்
அரையர் தாளமும் பிற்றையோர் இராகமும்
அணிந்தும் தன்னுரு வழாஅ தென்ப.

இச்சூத்திரம், பாடினோர் மறைந்த பின்னும் பாட்டு நிலைபெறுமாறு கூறுகின்றது.

முப்பது கோத்து: மார்கழி நாளொன்றுக்கு ஒன்றாக ஓதப்பெறும் திருப்பாவைப் பாசுரங்களை. ஒவ்வொன்றும் எட்டடிக் கொச்சகக் கலிப்பா. முப்பதும் ஒரே தொடரால் முடிவன. 'பாடி' என்னாது 'கோத்து' என்றார், கோதை மாலை சூடிக்கொடுத்தவளாதலின்; உதிரியன்றித் தொடையாதலும் அதனாற் பெறப்படும்.

முடிவிற் பெயர்பொறி: முப்பதாம் பாசுரத்தில் ஊரும் தந்தையும் தன் பெயரும் பாட்டின் தொகையும் பொறித்தமை. பிற்காலத்துத் தியாகராசர் (1767–1847) தம் பெயரையும், எட்டயபுரத்தில் மறைந்த முத்துசாமி தீட்சிதர் (1775–1835) 'குருகுக' என்பதனையும் கீர்த்தனையுள் வைத்த முத்திரை வழக்கு இதனோடு ஒக்கும். ஆகவே கோதையைச் சொல்லும் இசையும் ஒருங்கே ஆக்கும் வாக்கேயக்காரர் வரிசையில் வைத்தெண்ணுதல் தகும் என்பது குறிப்பு.

புதுவை: சிவகாசிக்கு மேற்கேயுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வார் துளசி வனத்தே கோதையைக் கண்டெடுத்து வளர்த்த ஊர் என்பது மரபு.

அரையர் தாளமும்: கூம்பிய குல்லாயணிந்து, கைத்தாளம் ஒற்றிப் பாசுரத்தை இசைத்தும் அபிநயித்தும் நிகழ்த்தும் சேவை. நாதமுனிகள் தம் மருமக்கள் இருவரைப் பயிற்றித் தொடங்கியது என்பர். திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய தலங்களில் இன்றும் உளது.

பிற்றையோர் இராகமும்: அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967) அமைத்த மெட்டுகள். முதல் ஐந்து பாசுரங்களையும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் கனராக ஐந்தில் வைத்தார். தியாகராசரின் பஞ்சரத்தின வரிசையும் இதுவே. இருபத்தொன்பதாவதை மத்தியமாவதியிலும் முப்பதாவதைச் சுருட்டியிலும் நிறுத்தினார். இரண்டும் மங்கலமாக முடித்தற்குரியன. கச்சேரி முறையை வகுத்தவராதலின், முப்பதனையும் ஒரு கச்சேரியாகவே கண்டார் என்க.

அணிந்தும்: உம்மை, பல பூண்டவிடத்தும் மாறாமை உணர்த்திற்று.

தன்னுரு வழாஅது: கோதை இசைத்த மெட்டு நமக்கு எய்திற்றிலது, சொல்லும் யாப்பும் எய்தின. அரையர் ஒருவாறும் வித்துவான் ஒருவாறும் பாடினும் எட்டடியும் ஈற்றுத் தொடரும் பிறழா.

என்ப: என்று கூறுவர் இசைநூல் வல்லோர்.

இதனாற் சொல்லியது: இசை மறைந்தும் யாப்பு நின்றமையின் புதிய இசை ஏறுதற்கு இடமாயிற்று. ஆதலின் கற்பார் முதற்கண் பாசுரத்தைச் சீர் பிரித்து ஓதுக; இராகம் பின்னர்ப் பயில்க.