மைண்ட் யுவர் லாங்குவேஜ் (தொலைக்காட்சித் தொடர்)

மைண்ட் யுவர் லாங்குவேஜ் என்பது பிரித்தானியாவின் ஐடிவி வலையமைப்பில் 1977 முதல் 1979 வரை ஒளிபரப்பான நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் ஆகும். லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சி நிறுவனத்துக்காக வின்ஸ் பவல் இதனை எழுதினார். வெளிநாட்டவரை இழிவுபடுத்துகிறது என்ற காரணத்தால் நிறுத்தப்பட்ட இத்தொடர், 1986 ஆம் ஆண்டு மீண்டும் ஒளிபரப்பானது. முதல் மூன்று பருவங்களில் 29 பகுதிகளும், மறுவருகைப் பருவத்தில் 13 பகுதிகளுமாக மொத்தம் 42 பகுதிகள் வெளிவந்தன. பிரித்தானியாவில் கண்டனத்துக்கு உள்ளான இத்தொடர் இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளில் விரும்பிப் பார்க்கப்பட்டது. இந்த முரண்பாடு, தொலைக்காட்சி நகைச்சுவை பற்றிய விவாதங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

பெயர்

தொடரின் பெயர் இரு பொருள் தருவது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் "மொழியில் கவனம் வை" என்று பொருள்படும். வழக்கில் அது தகாத சொற்களைப் பேசுபவரை "வாயை அடக்கிப் பேசு" என்று கண்டிக்கும் தொடராகும்.

கதைச்சூழல்

இலண்டனில் உள்ள முதியோர் கல்விக் கல்லூரி ஒன்றின் மாலைநேர வகுப்பே கதைக்களம். பல நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு செரமி பிரவுன் என்னும் இளம் ஆசிரியர் ஆங்கிலம் கற்பிக்கிறார். மாணவர்கள் சொற்களை மாற்றிப் பேசுவதும், மரபுத்தொடர்களை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வதும், ஒரே ஒலியுள்ள சொற்களைக் குழப்பிக்கொள்வதும் நகைச்சுவைக்கு அடிப்படை. ஏறக்குறைய எல்லாப் பகுதிகளும் அந்த ஒரே வகுப்பறையைச் சுற்றியே நிகழ்கின்றன.

முக்கிய கதைமாந்தர்

* செரமி பிரவுன் (பாரி எவன்ஸ்): ஆசிரியர்.
* செல்வி கோர்ட்னி (சாரா நட்லி): கண்டிப்பான கல்லூரி முதல்வர்.
* ரஞ்சித் சிங் (ஆல்பர்ட் மோசஸ்): பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். தவறு செய்தவுடன் "ஆயிரம் மன்னிப்புகள்" கேட்பது இவரது வழக்கம்.
* அலி நதீம் (டினோ சபீக்): பாக்கித்தானியர். ரஞ்சித்துடன் ஓயாமல் சண்டையிடுபவர்.
* சமிலா ரஞ்சா (சமிலா மாசி): எந்நேரமும் கம்பளிநூல் பின்னிக்கொண்டிருக்கும் இந்திய இல்லத்தரசி.
* சுங் சூ-லீ (பிக்-சென் லிம்): மாவோவின் செந்நூலைக் கையில் வைத்திருக்கும் சீனப் பெண்.
* தனியேல் பாவ்ர் (பிரான்சுவாஸ் பாஸ்கல்): பிரெஞ்சுப் பெண்.

நடிகர்களின் பின்னணி குறிப்பிடத்தக்கது. பஞ்சாபியாக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். பாக்கித்தானியராக நடித்த டினோ சபீக் டாக்காவில் பிறந்தவர். சீனப் பெண்ணாக நடித்தவர் மலேசியாவையும், பிரெஞ்சுப் பெண்ணாக நடித்தவர் மொரிசியசையும் பிறப்பிடமாகக் கொண்டவர்கள். தோற்றம் ஓரளவு ஒத்திருந்தால் யாரும் எந்த நாட்டவராகவும் நடிக்கலாம் என்ற அக்கால வழக்கத்தை இது காட்டுகிறது.

நிறுத்தம்

தொடர் புகழின் உச்சியில் இருந்தபோது அதனைச் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் பார்த்ததாகக் கூறப்படுகிறது. ஆயினும், மூன்றாம் பருவத்துக்குப் பின்னர் நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுள் ஒருவரான மைக்கேல் கிரேடு தொடரை நிறுத்தினார். இனங்களைப் பற்றிய வார்ப்புருக்களை இது வலுப்படுத்துகிறது என்பது அவரது கருத்து.

அக்காலச் சூழலையும் கருத்தில் கொள்ள வேண்டும். இனப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் பிரித்தானியாவில் 1976 இல் விரிவாக்கப்பட்டது. நேஷனல் பிரன்ட் என்னும் குடியேற்ற எதிர்ப்புக் கட்சி அப்போது ஊர்வலங்களை நடத்திவந்தது. 1979 ஏப்ரலில் ஆசியர் மிகுதியாக வாழும் சவுத்தால் பகுதியில் அக்கட்சிக்கு எதிரான போராட்டத்தில் ஒருவர் உயிரிழந்தார். தெருவில் ஏளனத்தையும் வன்முறையையும் எதிர்கொண்டவர்களுக்கு, தொலைக்காட்சியிலும் தம் பேச்சே கேலிப்பொருளாவது விளையாட்டாகத் தோன்றாததில் வியப்பில்லை.

மறுவருகை (1986)

வெளிநாடுகளில் நிலவிய வரவேற்பைக் கருத்தில் கொண்டு, 1985 இல் தனியார் தயாரிப்பாக 13 புதிய பகுதிகள் எடுக்கப்பட்டன. ஐடிவியின் சில வட்டார நிலையங்கள் மட்டுமே இவற்றை 1986 இல் ஒளிபரப்பின. இதனால் பிரித்தானியாவில் பழைய பருவங்கள் பெற்ற கவனம் இதற்குக் கிட்டவில்லை.

பாரி எவன்ஸ், சாரா நட்லி, ஆல்பர்ட் மோசஸ், சமிலா மாசி ஆகியோர் மீண்டும் நடித்தனர். டினோ சபீக்கும், கல்லூரிப் பணியாளர் சிட் வேடத்தில் நடித்த டாமி காட்பிரேயும் 1984 இல் காலமாகியிருந்தனர். தனியேல், கிரேக்கரான மாக்ஸ் ஆகிய பாத்திரங்களும் இடம்பெறவில்லை. ரஞ்சித்தும் அலியும் ஒருவரையொருவர் சீண்டுவது, பிரிவினையின் கசப்பை ஒரே வரிசை நாற்காலிகளில் அமர்த்திக் காட்டிய நகைச்சுவையாகும். அலி இல்லாத வகுப்பில் அதற்கு வழியில்லாமல் போனது. பழைய பருவங்களை முதலில் பார்த்தவர்களுக்கு மறுவருகைப் பருவம் நிறைவளிக்காமல் போயிருந்தால், இது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆசியப் பார்வையாளரின் வரவேற்பு

இத்தொடர் இலங்கைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. இலங்கையின் ரூபவாகினி ஒளிபரப்பு 1982 இல் தொடங்கியது. தூர்தர்சன் ஒளிபரப்பு எட்டாத நாட்களில், பாக்கு நீரிணையை ஒட்டிய தமிழகக் கடலோர ஊர்களில் உயரமான ஆன்டெனா நட்டவர்கள் அதன் நிகழ்ச்சிகளைக் காண முடிந்தது. பிற்காலத்தில் ஒளிநாடா, குறுவட்டு, யூடியூப் ஆகியவற்றின் வழியாக இத்தொடர் தமிழகத்தின் அடுத்த தலைமுறையினரையும் சென்றடைந்தது.

இவ்வரவேற்புக்குப் பார்வையாளரின் இடமே முதன்மைக் காரணம் எனலாம். பிரித்தானியப் பார்வையாளர் ஆங்கிலத்தை உரிமையாகக் கொண்டவர். அவர் அறியாதவரைப் பார்த்துச் சிரிக்கிறார். தமிழகத்துப் பார்வையாளர் ஆங்கிலத்தைப் பள்ளியில் இரண்டாம் மொழியாகக் கற்றவர். ஒலிக்கும் எழுத்துக்கும் பொருந்தாத அம்மொழியோடு தாம் பட்ட பாட்டையே அவர் திரையில் காண்கிறார். மாணவர்கள் தவறாகப் பேசும்போதே ஆங்கிலத்தின் ஒழுங்கின்மையும் வெளிப்படுகிறது. பல வேளைகளில் திணறுபவர் ஆசிரியராகவே இருக்கிறார்.

ஆனால் இதே சிரிப்புக்குத் தமிழகத்தில் இன்னொரு வரலாறும் உண்டு. சென்னை மாகாணத்தில் ஐரோப்பியர் வீடுகளில் பணிபுரிந்தோர் பேசிய ஆங்கிலம் "பட்லர் இங்கிலீஷ்" எனப்பட்டது. ஆட்சியாளர்கள் கேலியாக வழங்கிய இப்பெயரை, பின்னர் ஆங்கிலம் கற்ற தமிழரும் கல்லாதவரைக் குறித்துப் பயன்படுத்தினர். எனவே ஆசியர் சிரித்தனர் என்பதாலேயே அந்நகைச்சுவையில் ஏளனம் இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

புலம்பெயர்ந்த தமிழரின் நிலை வேறு. 1983 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் பலர் பிரித்தானியா, கனடா, செருமனி, நோர்வே முதலிய நாடுகளில் அடைக்கலம் தேடினர். மறுவருகைப் பருவம் வெளியான ஆண்டுகளில், புதிய நாட்டின் மொழியைப் பெரியவர்களான பின் வகுப்பறையில் கற்பது அவர்களுக்கு வாழ்க்கைத் தேவையாக இருந்தது. வேலையும் வதிவிட உரிமையும் ஒருவரது பேச்சைப் பொறுத்து அமையும்போது, பிழையான ஒரு சொல் வெறும் நகைச்சுவையாக முடிவதில்லை.

தழுவல்களும் தாக்கமும்

* வாட் எ கன்ட்ரி (1986–1987): அமெரிக்கத் தழுவல். குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பவர்களின் வகுப்பைப் பற்றியது.
* சபான் சம்பால்கே (1993): டிடி மெட்ரோவில் ஒளிபரப்பான இந்தித் தழுவல். பொறியியல் பட்டம் பெற்றும் இந்தி கற்பிக்க நேர்ந்த ஆசிரியராகப் பங்கச் கபூர் நடித்தார்.

இந்தித் தழுவலில் கேலிக்குள்ளாகும் மாணவர்களுள் விசயன் என்ற தமிழரும் ஒருவர். கீத் ஸ்டீவன்சன் இப்பாத்திரத்தில் நடித்தார். ஆங்கிலத் தொடரில் இந்தியர் நின்ற இடத்தில் இங்கே தமிழரும் நிற்கிறார். எம்மொழி கற்பிக்கப்படுகிறதோ, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவரே சிரிப்புக்கு இலக்காகிறார் என்பதை இம்மாற்றம் தெளிவாக்குகிறது.

பிரித்தானியாவில் பிறந்து வளர்ந்த ஆசியர் 1990களில் தாமே நகைச்சுவைத் தொடர்களை எழுதத் தொடங்கினர். சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால் முதலானோர் பங்கேற்ற குட்னஸ் கிரேசியஸ் மீ 1998 இல் பிபிசி தொலைக்காட்சிக்கு வந்தது. இதன் புகழ்பெற்ற காட்சி ஒன்றில், இந்தியர்கள் ஆங்கிலேய உணவகத்துக்குச் சென்று அங்குள்ள பணியாளரின் பெயரை உச்சரிக்க முடியாமல் ஆர்ப்பாட்டம் செய்கின்றனர். இத்தொடரும் 2014 இல் சிறப்பு நிகழ்ச்சியாக மறுவருகை கண்டது.

பிற்காலம்

பாரி எவன்ஸ் தம் இறுதி ஆண்டுகளில் வாடகை மகிழுந்து ஓட்டுநராகப் பணியாற்றி, 1997 இல் தமது 53 ஆம் வயதில் காலமானார். ஆல்பர்ட் மோசஸ் 2017 இல் காலமானார்.