அசையாத திவானும் அனைவர் வாக்கும்: திருவிதாங்கூரின் ‘அமெரிக்க மாதிரி’யும் நாஞ்சில் நாட்டுத் தமிழரும் (1904–1956)

முன்னுரை

1946 ஜனவரியில் திருவிதாங்கூர்த் திவான் சர் சி. பி. இராமசாமி அய்யர் ஓர் அரசியலமைப்புத் திட்டத்தை வெளியிட்டார். வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்பது அதன் ஒரு பாதி. அவ்வாக்கால் அமையும் சட்டசபையால் நீக்க இயலாத நிர்வாகம், திவானின் தலைமையில் நடைபெறும் என்பது மறுபாதி. அமெரிக்கக் குடியரசுத் தலைவரைக் காங்கிரஸ் நினைத்தபோது பதவியிறக்க முடியாது என்னும் ஒப்புமையால் இத்திட்டம் ‘அமெரிக்க மாதிரி’ எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் நிகழ்ந்த புன்னப்புரா–வயலார் எழுச்சியில், அந்த மாதிரியை அரபிக்கடலில் எறியக் கோரும் முழக்கமாக இப்பெயர் நிலைத்துவிட்டது.

கேரள வரலாற்று நூல்கள் இதனைப் பெரும்பாலும் அந்த எழுச்சியின் முன்னுரையாகவே குறிப்பிட்டுச் செல்கின்றன. தென் திருவிதாங்கூர்த் தமிழர் வரலாறோ மொழி, எல்லை ஆகியவற்றையே மையமாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. யார் வாக்களிக்கலாம் என்ற வினாவும், வாக்கு யாரை அசைக்கும் என்ற வினாவும் நாஞ்சில் நாட்டில் எவ்வாறு ஒன்றையொன்று தொட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வாக்குரிமையின் பரப்பைக் காட்டிலும் அதன் எடையே இங்குள்ள தமிழர்க்கு முடிவான பொருளாயிற்று என்பது இதன் கருதுகோள்.

கரமும் வாக்கும்

1888-இல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா நிறுவிய சட்டமன்றக் குழு நியமன உறுப்பினர்களைக் கொண்டது. 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தோன்றியது. மறு ஆண்டில் 100 உறுப்பினருள் 77 பேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடிகளுக்கு வழங்கப்பட்டது. குடிகள் என்றாலும் எல்லாரும் அல்லர். ஆண்டுக்கு 50 ரூபாய்க்குக் குறையாமல் தம் கணக்கில் நிலவரி செலுத்துவோர், 2000 ரூபாய்க்குக் குறையாத நிகர வருமானம் உடையோர், பட்டம் பெற்றுப் பத்தாண்டு நிறைவுற்றுத் தாலுகாவில் வசிப்போர் ஆகியோரே வாக்காளர்.

நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் குளத்துப் பாசனமும் ஆற்றுப் பாசனமும் கொண்ட நெல் விளையும் பூமி. அங்கு நன்செய் உடையவனுக்கே வாக்கு. அந்த வயலில் நாற்று நட்டவளுக்கும் பனையேறியவனுக்கும் இல்லை. மேற்கேயுள்ள கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் புன்செய்க் குடிகள் 50 ரூபாய்க் கரத்தை எட்டுவது அரிது. ஒடுக்கப்பட்ட மக்களின் குரல் சபைக்குள் நுழைய நியமனமே வழியாக இருந்தது. 1911-இல் அய்யன்காளி உறுப்பினரானதும் அவ்வாறே.

‘தம் கணக்கில்’ என்ற சொற்றொடர் நாஞ்சில் நாட்டைப் பொறுத்தவரை தனிக் கவனத்துக்குரியது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி நிலவியது. குடும்பச் சொத்து காரணவரின் ஆளுகையில் இருந்தது. கர ரசீதும் அவர் பெயருக்கே வரும். எனவே, பெரிய நிலக்கிழமை உடைய வீட்டில் பிறந்து, வயலில் முழு உழைப்பைச் செலுத்திய மருமகன்கூட, சட்டத்தின் கண்ணில் கரம் கட்டாதவனே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ இம்முறையின் குடும்பத் துயரை எள்ளலாகக் காட்டியது என்பதை நாம் அறிவோம். அதற்கு ஓர் அரசியல் பக்கமும் உண்டு என்பது இதுவரை போதிய அளவு பேசப்படவில்லை. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் ஒழுங்குமுறைச் சட்டம் பாகப்பிரிவினைக்கு வழிதிறந்தது. அதன் விளைவு ஒரே திசையில் இருந்திருக்க இயலாது. ஒரு காரணவரின் கணக்கு நான்காகப் பிரிந்தால், புதிய கணக்குகள் வரம்புக்கு மேல் நின்ற இடத்தில் நான்கு வாக்காளர் தோன்றியிருப்பர். வரம்புக்குக் கீழே சரிந்த இடத்தில் இருந்த ஒரு வாக்கும் போயிருக்கும். பகுதி அலுவலகங்களின் கரக் கணக்குகளையும் வாக்காளர் பட்டியல்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டாலன்றி இதனை அளவிட இயலாது. எனினும் சொத்துரிமைச் சட்டமும் வாக்குரிமையும் ஒரே ஏட்டில் சந்தித்தன என்பதில் ஐயமில்லை.

பெண்களைப் பொறுத்தவரை திருவிதாங்கூர் முந்திக்கொண்டது. 1920-களின் தொடக்கத்திலேயே பால் வேறுபாடு வாக்குரிமைக்குத் தடையாக இருப்பது நீங்கியது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் அவ்வுரிமையை அளித்த 19-ஆம் திருத்தம் நிறைவேறியது 1920-இல்தான். கரத் தடை மட்டும் இருபாலார்க்கும் நீடித்தது.

1932-இல் ஸ்ரீமூலம் சபை, ஸ்ரீசித்திரை அரசவை என ஈரவைகள் ஏற்பட்டபோது, நிலவரித் தகுதியால் தம் மக்கள்தொகைக்கேற்ற இடம் கிட்டாது எனக் கருதிய ஈழவர், கிறித்தவர், இசுலாமியர் தேர்தலைப் புறக்கணித்தனர். இதற்கு ‘நிவர்த்தனம்’ என்னும் புதுச்சொல் தேடப்பட்டது. ‘ஒத்துழையாமை’ என்றால் காந்தியத்தின் வாடை வீசும் என்ற அச்சம் காரணம். ஒரு சொல்லைத் தேர்வதில் இத்துணை எச்சரிக்கை காட்டிய இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான சி. கேசவன், 1935-இல் கோழஞ்சேரியில் ஆற்றிய உரைக்காகச் சிறைசெல்ல நேர்ந்தது. பின்னர் வாக்குரிமை விரிவாக்கப்பட்டது. ஆயினும் 1936 அக்டோபரில் பதவியேற்ற சர் சி. பி.யின் நிர்வாகம் அச்சபைக்குப் பொறுப்புடையதாகவில்லை.

‘அமெரிக்க மாதிரி’ என்ற பெயர்

1946 திட்டம் யார் வாக்களிக்கலாம் என்ற நாற்பதாண்டு வழக்கை ஒரே அடியில் முடித்துவைத்தது. கரம் கட்டியவனா, பட்டம் பெற்றவனா என்ற கேள்வியே எழாது. இது சிறிய சலுகையன்று. அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் சிலவற்றில் தலைவரி செலுத்தியவர் மட்டுமே வாக்களிக்க முடிந்தது. கறுப்பின மக்கள் எழுத்தறிவுச் சோதனை முதலிய உத்திகளால் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். கூட்டாட்சித் தேர்தல்களில் தலைவரித் தடை 24-ஆம் திருத்தத்தால் 1964-இலும், பிற தடைகள் 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தாலுமே தகர்ந்தன. அவ்வகையில் திருவிதாங்கூருக்கு முன்மொழியப்பட்ட வாக்குரிமை, மூலமெனச் சொல்லப்பட்ட நாட்டின் நடைமுறையைவிட அகலமானது.

ஆனால் மாதிரியின் மறுபாதியில்தான் பிழை இருக்கிறது. அமெரிக்கத் தலைவரைச் சட்டமன்றம் எளிதில் நீக்க முடியாமைக்கு ஈடாக, நான்காண்டுக்கு ஒருமுறை அவர் வாக்காளர் முன் நிற்கவேண்டும். திவானுக்கு அந்தக் கடன் இல்லை. அவரை நியமிப்பவர் மகாராஜா. ஆக, தலைவரின் அசையாமை மட்டும் கடன் வாங்கப்பட்டது. அவரைத் தலைவராக்கும் தேர்தல் விடப்பட்டது. இதனை அமெரிக்க மாதிரி என்பதைவிட, அமெரிக்கப் பெயர்ப்பலகை மாட்டிய பழைய திவான் ஆட்சி என்பதே பொருந்தும்.

1948-இல் வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிஞ்சர் 55 அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, அமெரிக்கத் தலைவர்களுள் சிறந்தோர் யார் என்ற தரவரிசையை ‘லைஃப்’ இதழில் வெளியிட்டார். ஆபிரகாம் லிங்கன் முதலிடம், ஜார்ஜ் வாஷிங்டன் இரண்டாமிடம், பிராங்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாமிடம். 55 பேர் கொண்ட அவ்வாக்காளர் தொகுதி, பட்டதாரி வாக்கை ஏற்ற நம் பிரஜா சபை விதியை நினைவூட்டுகிறது என்பது ஒருபுறமிருக்க, அவர்கள் முதலிடம் தந்தவரின் தேர்தல் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. லிங்கன் 1860-இல் பதிவான மக்கள் வாக்குகளில் 40 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பெற்று வென்றார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-இல், தாம் தோற்கக்கூடும் என அவரே எண்ணிய நிலையிலும், தேர்தல் ஒத்திவைக்கப்படவில்லை. ரூஸ்வெல்ட் நான்கு முறை வாக்காளரைச் சந்தித்தவர். நிலையான நிர்வாகத்தின் பெருமைக்கு இவர்களை எடுத்துக்காட்டுவோர், ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஒரு தேர்தலையும் சந்திக்காமல் ஆண்ட திவானை அவ்வரிசையில் நிறுத்த இயலாது.

பதினான்கும் எட்டும்

1947 ஆகஸ்டில் சர் சி. பி. பதவி விலகினார். செப்டம்பர் 4-இல் மகாராஜா பொறுப்பாட்சியை அறிவித்தார். 1948 பிப்ரவரித் தேர்தல், இந்தியாவில் வயதுவந்தோர் வாக்குரிமையின்படி நடந்த மிகத் தொடக்கத் தேர்தல்களுள் ஒன்று. கரம் கட்டாதவர்கள் தென் திருவிதாங்கூரில் முதன்முறையாக வாக்களித்தனர். 1945 டிசம்பரில் நாகர்கோவிலில் தோன்றி, பின்னர் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் எனப் பெயர்மாறிய கட்சி, ஏ. நேசமணியின் தலைமையில் 14 இடங்களை வென்றது.

ஆனால் சபையின் மொத்த இடங்கள் 120. பெரும்பான்மை ஸ்டேட் காங்கிரசின் கையில் மிக வலுவாக இருந்தது. தமிழ்த் தாலுகாக்களின் விருப்பம் ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டும், அது அமைச்சரவையை ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை. வாக்குரிமையின் பரப்பு முழுமையடைந்த அதே நாளில் அதன் எடையின்மையும் புலப்பட்டது எனலாம். பொறுப்பாட்சியைத் தமிழர் சிலர் ஐயுறவோடு நோக்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

1952-இல் நிலை மாறியது. திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டமன்றத்தின் 108 இடங்களில் தமிழ்நாடு காங்கிரஸ் பெற்றவை 8 மட்டுமே. முன்னைவிடக் குறைவு. ஆயினும் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாமையால் ஏ. ஜே. ஜான் அமைச்சரவை அவ்வெட்டுப் பேரின் ஆதரவையும் நாடவேண்டியிருந்தது. அவ்வாதரவு விலக்கப்பட்டதும், 1953 செப்டம்பரில் அமைச்சரவை சபையில் தோற்றது. 14 பேரால் ஆகாதது 8 பேரால் ஆயிற்று. சர் சி. பி.யின் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்குமாயின், அந்த எட்டு வாக்குகள் சபைக் குறிப்பேட்டில் பதிவாவதோடு நின்றிருக்கும்.

இதற்கு மறுதலையும் உண்டு. அதனை மறைப்பது ஆய்வுக்கு அழகன்று. 1948 முதல் 1956 வரை ஆறு அமைச்சரவைகள் மாறின. முதல் அமைச்சரவையின் தலைவர் பட்டம் தாணுபிள்ளை ஏழே மாதங்களில் விலகினார். 1935-இல் சிறைசென்ற சி. கேசவன் 1951-இல் முதலமைச்சராகியும் ஓராண்டே நீடித்தார். நிலையற்ற ஆட்சி வரும் என்ற திவானின் அச்சம் வெறும் சாக்கன்று என்பதை இந்த எட்டாண்டுகள் காட்டுகின்றன. ஆனால் அந்நிலையின்மையே ஒரு சிறுபான்மை மொழியினருக்குப் பேரம் பேசும் இடத்தை ஈந்தது. நிலைபேறு யாருக்கு நன்மை என்று கேளாமல் அதனை ஒரு பொதுநலனாகக் கொள்வது, நாஞ்சில் நாட்டிலிருந்து நோக்கும்போது ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

1954 தேர்தலில் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களைப் பெற்றது. மீண்டும் முதலமைச்சரான பட்டம் தாணுபிள்ளையின் ஆட்சிக்காலத்தில், அவ்வாண்டு ஆகஸ்ட் 11-இல், இணைப்புக் கோரியோர்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. 1955 பிப்ரவரியில் அவ்வமைச்சரவையும் வீழ்ந்தது.

எல்லைச் சிக்கலின் தீர்வு மக்கள் வாக்கெடுப்பால் வரவில்லை. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-இல் அளித்த பரிந்துரையும், அதன்பின் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமுமே அதனை முடிவுசெய்தன. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. அதே இயக்கம் கோரிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.