மாத்தளைப் பாதையும் ஒரு தடிமனின் பூர்வீகமும்

1880ஆம் ஆண்டு ஒக்டோபரில் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னர் அம்மலைகளின் கோப்பி மூட்டைகளைச் சுமந்தவை மாட்டு வண்டிகளே. மன்னார்க் கரையில் இறங்கிய நம் தொழிலாளரோ அநுராதபுரம், தம்புள்ளை வழியாக நடந்தே மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியால் வழியிலேயே மாண்டோர் பலர். நோயைக் கொணர்ந்தோர் என்ற பழியும் அவர்கள்மேலேயே விழுந்தது. மாடுகளை வெக்கை நோய் மாய்த்தது.

மனிதர் பிணியையும் மாட்டுப் பிணியையும் தனித்தனியே எழுதுவது நம் வழக்கம். 2005இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையொன்று இரண்டையும் ஒரே ஏட்டில் எழுத வைத்தது. நமக்குச் சாதாரணத் தடிமனைத் தரும் ஓசி43 என்னும் கொரோனா வைரசின் மரபுத்தொடரை, கன்றுகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும் மாட்டுக் கொரோனா வைரசினதோடு அவர்கள் ஒப்பிட்டனர். இரண்டும் மிக நெருங்கிய உறவு.

அத்தொடரில் ஏறத்தாழ 31,000 எழுத்துகள் உள்ளன. படியெடுக்கையில் பிழைகள் ஓரளவு சீரான வேகத்தில் சேர்கின்றன; ஆண்டுக்குச் சுமார் 13 எழுத்துகள் என்பது அவர்கள் கணக்கு. பழைய சுவடிகளின் பிழைகளைக் கொண்டு எந்தப் படி எதிலிருந்து எழுதப்பட்டது என்று பதிப்பாசிரியர்கள் துணிவார்கள் அல்லவா, ஏறக்குறைய அதே முறைதான். கணக்கைப் பின்னோக்கி ஓட்டியபோது, இரு வைரசுகளும் பிரிந்த காலம் 1890ஐ ஒட்டி வந்து நின்றது. கப்பலும் ரயிலும் ஏறி 1889இல் உலகைச் சுற்றத் தொடங்கிய 'ரஷ்யக் காய்ச்சல்' இதுதானோ என்ற கேள்வி அப்போது எழுந்தது. 2020இன் கொரோனாப் பேரிடருக்குப் பின் அது மேலும் உரத்துக் கேட்டது.

ஆண்டுகள் பொருந்துவது சான்றாகிவிடாது. அக்காய்ச்சல் இன்புளுவென்சாவே என்போரும் உளர். வழக்கை முடிக்க அக்கால நோயாளி ஒருவரின் திசு வேண்டும். தட்டம்மைக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது: பெர்லினில் பாதுகாக்கப்பட்ட 1912ஆம் ஆண்டு நுரையீரல் ஒன்றைக் கொண்டு, அது வெக்கை நோய் வைரசிலிருந்து கி.மு. 6ஆம் நூற்றாண்டளவிலேயே பிரிந்திருக்கக்கூடும் என 2020இல் கணித்தார்கள். மாத்தளைப் பாதையோரத்தில் புதைந்தவர்களுக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. திசுவுக்கு எங்கே போவது?

தேடல் நம் பக்கம் வராமலும் இல்லை. மாத்தளைக்குத் தெற்கே, கண்டியை அடுத்த பேராதனையில், பழந்தின்னி வௌவால்களின் எச்சத்தில் கொரோனா வைரசுகள் இருப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. மாடுகளுக்கான கால்நடை ஆராய்ச்சி நிறுவகமும் அருகே கன்னொறுவையிலேயே உள்ளது.